சாரலும் பிரஷரும்: தளர மறந்த சிறு குழாய்கள்



சாரல் தொடங்கிவிட்டது. மேற்கே மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி நிற்கிறது. சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் நாட்கள் இவை. வந்தவர்களை அருவிக்கு அழைத்துப் போகாமல் அனுப்பினால் நம் ஊரில் அது விருந்தாகவே கணக்கில் சேராது.

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து அறக்கட்டளை அறையில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிரஷர் உள்ளவங்க ஐந்தருவியில குளிக்கலாமா?" நாங்கள் பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற சகோதரர் முந்திக்கொண்டார். "தாராளமா குளிக்கலாம் காக்கா. எனக்கும் பிரஷர் இருந்துச்சு. நார்மல் ஆயிட்டு. மாத்திரைய விட்டு ஆறு மாசமாச்சு. தெனமும் விடியக்காலையில போயி குளிச்சிட்டுத்தான் வாரேன்."

அவர் முறை வந்தபோது கருவி 168/100 என்று காட்டியது. அவர் நம்பவில்லை. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தோம். இரண்டு எண்தான் குறைந்தது. "தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். அதுதான் இந்த நோயின் தந்திரம்.

பெரியவரின் கேள்விக்கும் சகோதரரின் பேச்சுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நம் உடலெங்கும் பரவியிருக்கும் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள்தான் அந்த இடம். ஒருமுறை அதை விளங்கிக்கொண்டால் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு எங்களைப் போன்றவர்களின் உபதேசம் தேவைப்படாது. அதனால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மடையும் வயலும்

சிற்றாற்றுத் தண்ணீர் வயலுக்கு எப்படி வருகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால். ஆற்றில் எவ்வளவு வெள்ளம் போனாலும் உங்கள் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை முடிவு செய்வது மடைதான்.

உடலிலும் இதே ஏற்பாடுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விரல் பருமன் இருக்கும். அது கிளை பிரிந்து பிரிந்து, கடைசியில் தலைமுடியின் பருமனை ஒட்டிய நுண்தமனிகளாகிறது. இவற்றின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். சாப்பிட்டவுடன் குடலுக்குப் போகும் மடைகள் திறக்கின்றன. நடக்கும்போது கால் தசைகளின் மடைகள் திறக்கின்றன. இரவும் பகலும் நமக்குத் தெரியாமலே இந்த வேலை நடக்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் இப்படி எத்தனையோ.

எல்லா வயலின் மடைகளையும் ஒரே நேரத்தில் பாதி மூடிவிட்டால் என்ன ஆகும்? பின்னால் குளத்தில் நீர் ஏறும், கரைக்கு அழுத்தம் கூடும். பெரும்பாலானவர்களின் இரத்த அழுத்தம் இப்படித்தான் உயர்ந்து நிற்கிறது. இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு பெரிதாகக் கூடியிருக்காது. வழியில் உள்ள மடைகள் சரியாகத் திறப்பதில்லை.

கொஞ்சம் சுருங்கினால்கூடவா இவ்வளவு பாதிப்பு என்று கேட்கலாம். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி இதற்கு ஒரு கணக்குக் கண்டார். குழாயின் உள்விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பழைய ஓட்டம் வேண்டுமென்றால் இதயம் அந்த அளவுக்குக் கூடுதலாக அழுத்தித் தள்ள வேண்டும்.

மடைக்காரருக்கு யார் சொல்வது?

தசையைத் 'தளர்' என்று சொல்வது யார் என்பது 1980 வரை மருத்துவ உலகுக்கே சரியாகத் தெரியாது. குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் ஒரே அடுக்கு செல்களாலான மெல்லிய உட்படலத்தை, வெறும் வழவழப்பான பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற ஆய்வாளர் முயலின் தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துவந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் துண்டு சுருங்கும் என்பது அவருடைய பல வருட அனுபவம். திடீரென்று சில துண்டுகள் சுருங்காமல் தளர்ந்தன. காரணம் தேடியபோது தெரிந்தது, துண்டைத் தயார் செய்யும்போது உட்படலம் உரசி அழிந்திருந்தால் சுருங்குகிறது, உட்படலம் பத்திரமாக இருந்தால் தளர்கிறது. ஆக, தளரச் சொல்லும் செய்தி அந்த மெல்லிய படலத்திலிருந்துதான் போகிறது. 1980-ல் அவரும் சவாட்ஸ்கி என்ற உடன் ஆய்வாளரும் இதை வெளியிட்டார்கள்.

அந்தச் செய்தி எது என்பது 1987-ல் தெரிந்தது. நைட்ரிக் ஆக்சைடு, ஒரு வாயு. உட்படலத்தில் உருவாகி, பக்கத்தில் உள்ள தசைக்குள் புகுந்து, தளர வைத்துவிட்டுச் சில விநாடிகளில் மறைந்துவிடும். ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-ல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதே, அந்த வகையில் மூத்தது நைட்ரோகிளிசரின். டைனமைட் செய்வதும் அதே நைட்ரோகிளிசரினில்தான். டைனமைட் செய்து பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அது உடலுக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைத்தான் தருகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பிரஷர் உள்ளவர்களின் குழாயில் நடப்பது

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 1990-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹூலியோ பான்சா என்ற மருத்துவரின் குழு ஒரு சோதனை செய்தது. பிரஷர் உள்ள 18 பேர், இல்லாத 18 பேர். முழங்கைக்குப் பக்கத்தில் உள்ள தமனியில் இரண்டு மருந்துகளைத் தனித்தனியே மிகச் சிறிய அளவில் செலுத்தி, முன்கையில் இரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள்.

முதல் மருந்து அசிடைல்கோலின். இது உட்படலத்தைத் தட்டி எழுப்பி, அது வழியாகத் தசையைத் தளர வைப்பது. இரண்டாவது நைட்ரோபுரூசைடு. இது உட்படலத்தைக் கேட்காமல் நேராகத் தசையையே தளர வைப்பது.

இரண்டாவது மருந்துக்கு இரு குழுவினரின் குழாய்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்தன. முதல் மருந்துக்கோ, பிரஷர் உள்ளவர்களின் குழாய்கள் மற்றவர்களுடையதைப் போல விரியவில்லை. அதாவது மடையின் கதவு பழுதாகவில்லை. திற என்று சொல்ல வேண்டியவர் குரல் கொடுக்கவில்லை.

பிரஷர் வந்ததால் உட்படலம் கெட்டதா, உட்படலம் கெட்டதால் பிரஷர் வந்ததா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அழுத்தம் கூடக் கூட உட்படலம் அடிபடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு உருவானாலும் அதை அழிக்கும் வேதிப்பொருட்கள் அந்தச் சுவரிலேயே கூடுகின்றன. இறுகியே இருக்கும் குழாயின் சுவர் நாளடைவில் தடித்து, உள்வழி இன்னும் குறுகுகிறது. குறுகிய குழாய் அழுத்தத்தை மறுபடி ஏற்றுகிறது. செக்கு மாடு சுற்றுவது போலத்தான்.

இனி வருவது அந்தச் சகோதரருக்காகவே எழுதுவது. பான்சாவின் குழு 1993-ல் இன்னொரு சோதனை முடிவை வெளியிட்டது. மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் நல்ல கட்டுப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். எண் இறங்கியிருந்தது, உட்படலத்தின் பழுது மாறவில்லை. பிறகு கனடாவின் மாண்ட்ரியலில் ஷிஃப்ரின் என்பவரின் குழு, நோயாளிகளின் உடலிலிருந்து சிறு தமனிகளை எடுத்து ஆராய்ந்து 2000-ல் ஒரு முடிவை வெளியிட்டது. லோசார்டான் மாத்திரையை ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டவர்களின் சிறு தமனிகளில் தடிப்பும் குறைந்திருந்தது, தளரும் திறனும் தேறியிருந்தது. அட்டெனலால் சாப்பிட்டவர்களுக்கும் அழுத்தம் அதே அளவு இறங்கியது. ஆனால் குழாயில் அந்த மாற்றம் இல்லை. (அட்டெனலால் சாப்பிடுபவர்கள் பதற வேண்டாம். இதயத் துடிப்புக் கோளாறு போன்ற காரணங்களுக்காக அது தரப்பட்டிருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள்.)

எண் இறங்கச் சில வாரம் போதும். குழாய் தேற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். மூன்றாம் மாதம் 130/80 பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர், காலில் கட்டுப் போட்ட மறுவாரமே வலி இல்லை என்று கட்டை அவிழ்த்துவிட்டு மரம் ஏறுகிறவரைப் போன்றவர். அந்த 130/80-ஐக் கொடுத்ததே மாத்திரைதான். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சத்தமில்லாமல் போகும் இடங்கள்

சிறு குழாய் எங்கெல்லாம் அதிகமோ அங்கெல்லாம் இந்தப் பழுது விலை கேட்கும். சிறுநீரகம் முழுவதுமே சிறு குழாய் முடிச்சுகளால் ஆனது. அவை பழுதானால் முதலில் சிறுநீரில் புரதம் கசியும், வலி இருக்காது. மூளையின் ஆழத்தில் ஒரு நுண்தமனி அடைத்தால் பக்கவாதம். சிறு சிறு அடைப்புகள் பல சேர்ந்தால் மறதி, நடையில் தடுமாற்றம். வயசாயிட்டு, அதான் மறக்காக என்று நாம் அதைத் தள்ளிவிடுகிறோம்.

இந்தக் குழாய்களை அறுக்காமல், கிழிக்காமல் கண்ணால் நேரில் பார்க்க முடிந்த ஒரே இடம் விழித்திரை. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால் தமனிகள் குறுகியிருப்பதும் கசிவும் தெரியும். கண்ணாடி மாற்றப் போகும்போதே "எனக்குப் பிரஷர் இருக்கு, விழித்திரையையும் பாருங்க" என்று சொல்லுங்கள். வருடம் ஒருமுறை சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவு இல்லை.

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற ஆய்வின்படி பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் ஏழு பேர். இந்த நிலையை மாற்றத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரை அலமாரியில் அப்படியே இருக்கும் வீடுகளும் நம் மஹல்லாவில் இருக்கின்றன. குறை சொல்ல எங்களுக்கும் தகுதி குறைவு. நாங்களும் வருடக்கணக்கில் முகாம் நடத்தி, எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அடுத்த மாதம் அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை. அந்தச் சகோதரருடைய பெயரும் எங்கள் பழைய முகாம் ஏட்டில் இருந்தது.

ஏன் நிறுத்துகிறோம்?

சும்மா யாரும் நிறுத்துவதில்லை. கேட்டால் காரணம் வரும். அதிகம் கேட்டது கால் வீக்கம். அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். "சிறுநீரகம் போயிட்டு, மாத்திரைதான் கெடுத்துட்டு" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அம்லோடிபின் நுண்தமனியின் தசையை நேராகத் தளர்த்துகிறது. வரும் வழி நன்றாகத் திறந்து, போகும் வழி அந்த அளவு திறக்காததால் கொஞ்சம் நீர் காலில் கசிகிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனாலும் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அளவைக் குறைத்தோ வேறு மாத்திரையைச் சேர்த்தோ இதைச் சரி செய்வார். லோசார்டான், டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்றவை வேறு வழியில் வேலை செய்பவை. குழாயை இறுகச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை அவை தடுக்கின்றன. எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் அதையும் சொல்லுங்கள், மாற்று உண்டு. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இந்த மூன்றையும் சாப்பிடக் கூடாது. மருத்துவர் வேறு மாத்திரை தருவார்.

அடுத்தது தலைசுற்றல். ஸுஜூதிலிருந்து எழும்போது கண் இருட்டுகிறது என்கிறார்கள் வயதானவர்கள். மெதுவாக எழுங்கள், தேவைப்பட்டால் நாற்காலியில் தொழுங்கள், உட்கார்ந்தும் நின்றும் பி.பி. பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள்.

மூன்றாவது, வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள். அங்கே கொடுத்த மாத்திரையின் பெயர் இங்கே வேறாக இருக்கும், தீர்ந்துவிட்டால் அப்படியே இரண்டு மாதம் ஓடிவிடும். அட்டையின் பின்புறம் மருந்தின் மூலப் பெயர் அச்சிட்டிருக்கும். அதைக் காட்டினால் இங்கே அதே மருந்து கிடைக்கும். மூன்று நூறு ரியால் மாத்திரைக்கு இங்கே ஈடு கிடையாது என்ற நினைப்பு வேண்டாம்.

அடுப்படியும் பீடித் தட்டும்

உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், கடைச் சால்னா என்று நம் தட்டில் அது காலையிலேயே தாண்டிவிடுகிறது. உப்பு அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை, உட்படலத்தின் தளர்த்தும் வேலையையும் மந்தமாக்குகிறது. பார்டர் புரோட்டாவை யாரும் விடச் சொல்லவில்லை. சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவதைத் தொட்டுச் சாப்பிடுவதாக மாற்றலாம். 'உப்பு குறைந்த உப்பு' என்று பொட்டாசியம் கலந்து வருவதைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மேலே சொன்ன லோசார்டான் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

புகை. பீடி, சிகரெட் இரண்டும் நைட்ரிக் ஆக்சைடை நேராக அழிக்கின்றன, குழாயை அப்போதே சுருக்குகின்றன. பீடி குடிக்காமல் சுற்றுகிற நம் தாய்மார்களின் கதை வேறு. காலை முதல் இரவு வரை தட்டை மடியில் வைத்து ஒரே இடத்தில் உட்காருகிறார்கள். நடக்கும்போது வேகமாக ஓடும் இரத்தம் உட்படலத்தை உரசுகிறது. அந்த உரசல்தான் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக இயல்பான தூண்டுதல். நாள் முழுக்க உட்கார்ந்தால் அந்தத் தூண்டுதலே இல்லை. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து தெருமுனை வரை நடந்து வருவது சிறிய வேலை அல்ல.

அதோடு இடுப்பு வலி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். "மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் குறையல" என்று வந்த ஒரு உம்மாவின் பையில் தினமும் ஒன்று என்று இந்த வலி மாத்திரை இருந்தது. இரண்டு கடையில் வாங்கியதால் இரண்டு கடைக்காரருக்கும் தெரியவில்லை.

குற்றாலத்து மூலிகை

அருவிக்குப் போகும் வழியில் மூலிகைக் கடைகள் நிறைய. மூலிகையை இழிவாகப் பேச எங்களுக்கு மனமில்லை. உலகத்துக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்ததில் இந்த நாட்டு வேருக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் பிரஷருக்குத் தந்து எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அந்த வேரிலிருந்து வேதிப்பொருட்களைப் பிரித்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து கிடைத்த ரெசர்பின் பல வருடம் பிரஷருக்கு முக்கிய மருந்தாக இருந்தது. ஆனால் சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியது, வேறு நல்ல மருந்துகள் வந்ததும் பின்னுக்குப் போனது. மூலிகைக்கு நிஜமாகவே வேகம் உண்டு என்பதால்தான் அளவு தெரியாமல் சாப்பிடக் கூடாது என்கிறோம்.

இன்னொன்று, தொண்டைக் கரகரப்புக்கு வாங்கும் அதிமதுரம். அதை நாள்தோறும் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். இது பலருக்குத் தெரிவதில்லை. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறுவது உண்மை, கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

நோன்பு நாட்கள்

ரமலானில் மாத்திரையை முழுதாக விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை மாத்திரை என்றால் இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கிறது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை ஸஹரில் சாப்பிட்டால் பகலில் தாகமும் சோர்வும் வாட்டும். அதன் நேரத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பற்றி இமாமிடம் கேட்கவும் கூச்சம் வேண்டாம்.

சரி, அருவியில் குளிக்கலாமா?

1930களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு சோதனை வழக்கத்துக்கு வந்தது. ஒருவரின் கையை ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லி, மறுகையில் பி.பி. பார்ப்பார்கள். எல்லோருக்கும் அழுத்தம் ஏறும், சிலருக்கு மிக அதிகமாக ஏறும். குளிர் பட்டதும் தோலின் சிறு குழாய்கள் இறுக வேண்டும் என்று நரம்பு கட்டளையிடுகிறது. உட்படலம் நன்றாக உள்ளவருக்கு அந்த இறுக்கத்தைத் தணிக்க நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. பிரஷர் உள்ளவருக்கு அந்த எதிர்ப்பேச்சு பலவீனம். சாரல் காலத்து அருவித் தண்ணீர் ஐஸ் அல்ல என்றாலும், கையை மட்டுமல்ல, தலை முதல் கால் வரை அதில் கொடுக்கிறோம்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்து, நடந்தால் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாதவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குளிக்கலாம். முதலில் காலையும் கையையும் நனைத்துக்கொள்ளுங்கள், நேராகப் போய் நடு அருவியில் தலையைக் கொடுக்க வேண்டாம். ஓரத்தில் சில நிமிடம் போதும். விருந்துச் சாப்பாடு முடித்த கையோடு போகாதீர்கள். பாறை வழுக்கும், தலை சுற்றினால் பிடிக்க ஆள் வேண்டும், தனியாகப் போகாதீர்கள். 180/110-ஐ ஒட்டி இருப்பவர்களும், சமீபத்தில் நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்தவர்களும் இந்த சீசனைச் சாரலில் நனைவதோடு முடித்துக்கொள்ளட்டும். குளிக்கும்போது முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாத அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அந்தச் சகோதரர் மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரையை மறுபடி தொடங்கினார். விழித்திரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "அருவிக்கு?" என்று கேட்டோம். "பிரஷர் இறங்கட்டும்னு சொல்லியிருக்காக" என்று மட்டும் சொன்னார்.

வரும் வெள்ளிக்கிழமை முதல் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அறையில் பி.பி. கருவி இருக்கும். பெண்களுக்குச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு. வரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வலி மாத்திரையையும் லேகியத்தையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வாருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்தால்தான் எண் சரியாக வரும். இந்த முறை துண்டுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை, அதில் பன்னிரண்டு மாதக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் இன்ஷா அல்லாஹ் நாங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.